டோரின் விட்டுக்கொடுக்காத ஃபைல்

பொரளையில் தானும் கணவரும் வழமையாகப் போகும் ஆஸ்பத்திரியில் கொம்பியூட்டர் வைத்த நாளிலிருந்து கொட்டாஞ்சேனை டோரினுக்கு வயிறு எரிந்தது.

அவளுடைய கணவர் வலன்ரைன், துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்றவர், நீரிழிவு என்கிற சீனி வருத்தக்காரர். அவருடைய ரிப்போர்ட்டுகள், மருந்து எழுதிய துண்டுகள் எல்லாம் தடித்த ஃபைல் ஒன்றில் டோரினின் கக்கத்தில் இருக்கும். "எப்படி அங்கிள்?" என்று டொக்டர் கேட்டால் பதில் அவளிடமிருந்து வரும். நித்திரை, பசி, மலச்சிக்கல் வரை அவளே ஒப்புவிப்பாள்; அவர் தலையாட்டுவார். ஃபைலோடு அந்த அறைக்குள் நுழையும்போது அவளும் பாதி டொக்டர்தான்.

இப்போது எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் ஏற்றவேண்டுமாம். றஷ்மி என்ற நர்ஸ் பிள்ளை பழைய ஃபைலைக் கேட்டாள். அது பைக்குள் இருக்க, வீட்டில் மறந்துவிட்டேன் என்று டோரின் கூசாமல் சொன்னாள். எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டால் தன்னை யார் தேடப்போகிறார்கள்?

டீ வாங்கிவரப் போனாள். திரும்பி வந்து பார்த்தால், வலன்ரைன் கவுண்டரில் சாய்ந்து றஷ்மியோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். வாயே திறக்காத மனிதர்! டோரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போனாள். ஃபைலை அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பையும் இடுப்பில் செருகிக் கொண்டுபோனாள். கோயிலில் இருக்கும்போது கீழ்வீட்டு பாஹிம் போன் எடுத்துச் சொன்னார். காலில் இருந்த புண் சீழ்வைத்து, காய்ச்சலில் வலன்ரைன் நினைவில்லாமல் விழுந்துவிட்டாராம். ஆட்டோவில் பொரளைக்குக் கொண்டுபோகிறாராம்.

பெனிசிலின் அவருக்கு ஒத்துவராது. முன்பு ஒருமுறை அதைப் போட்டு மூச்சடைத்து, உயிர் தப்பியதே பெரிய காரியம். அது எழுதிய துண்டு அலுமாரிக்குள் இருந்தது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டுக்கு ஓடினாள். போனில் சொல்லியிருக்கலாம் என்பது ஃபைலோடு ஆட்டோவில் ஏறிய பிறகுதான் உறைத்தது; அப்போது அடித்துப் பார்த்தால் பாஹிம் எடுக்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது வலன்ரைனுக்கு சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. பெனிசிலின் போட்டீர்களா என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

"இல்ல அன்டி. பேரை அடிச்ச உடனே அது கூடாதெண்டு கொம்பியூட்டர் சிவப்பில காட்டிச்சுது," என்றாள் றஷ்மி. "அன்டி டீ வாங்கப் போன நேரம் அங்கிள்தான் சொன்னவர். எல்லாம் ஞாபகமா வச்சிருக்கிறார்."

டோரின் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தோனியாருக்கு நன்றி சொன்ன அதே மனதில், இந்தப் பெட்டைக்கு எல்லாம் சொல்லியிருக்கிறாரே என்ற எரிச்சலும் எழும்பியது. இத்தனை காலமும் தன் பக்கத்தில் இருந்து வெறுமனே தலையாட்டினாரா?

பின்னேரம் வலன்ரைன் கண் விழித்தார். அவளைப் பார்த்தார், கக்கத்தையும் பார்த்தார்.

"ஃபைலைக் கொண்டு வந்தியா?" என்று மெல்லக் கேட்டார். "அப்ப டொக்டருக்குக் காட்டு. நீ சொன்னாத்தான் அவருக்கு விளங்கும்."

அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். டோரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனாள். ஃபைலை றஷ்மியின் முன் வைத்தாள். ஆனாலும் கையை எடுக்க மனம் வரவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ஒரு துண்டும் விடாமப் பதியுங்க," என்றாள். "நான் வாசிக்கிறன்."