இறந்த ஆண்டு

எங்கள் ஊர் மடத்துவெளியில் யசோதராவைத் தெரியாதவர்கள் குறைவு. வாசிகசாலையைத் திறப்பவளும் அவள்தான், கூட்டுபவளும் அவள்தான். பேப்பர் பார்க்க வருகிற எங்களைப் போன்ற கிழடுகள் அரசியல் கதைத்துச் சண்டை பிடித்தால் விலக்குப் பிடிப்பவளும் அவள்தான். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் நல்ல மனம். போன வருசத்துக்குப் பிறகு அப்படி யாராவது சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதற்குக் காரணம் இருக்கிறது.

வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கம் வாசிகசாலைக்கு ஒரு கணினியும் ஸ்கேனரும் அனுப்பியது. மென்பொருளுக்கு மட்டும் காசு தேவைப்படவில்லை. அது திறந்த மூல மென்பொருள். உலகத்தில் எந்த நூலகமும் அதை எடுத்து, தன் மொழிக்கு மாற்றி, தன் ஊர்ப் பழைய புத்தகங்களையும் படங்களையும் எல்லாரும் பார்க்க இணையத்தில் ஏற்றிவைக்கலாம். இலவசம் என்று கேட்டதும் சங்கத் தலைவருக்கு வந்த சந்தோசப் புழுகத்தைப் பார்த்தால் அவரே இருந்து எழுதிய மென்பொருள் என்று நினைப்பீர்கள். யசோதரா யாழ்ப்பாணத்துக்குப் பயிற்சிக்குப் போய்வந்தாள். கோயில் திருவிழா நோட்டீசு, ஆண்டு மலர், கூத்துக் கொப்பி, செத்தவீட்டு நினைவு மலர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஏற்றத் தொடங்கினாள். எழுதியவரின் பெயரை ஒருமுறை பதிந்துவிட்டால் அவருடைய ஆக்கங்கள் எல்லாம் அந்தப் பெயரின் கீழ் வந்து சேர்ந்துவிடும். அதைப் பார்ப்பதில் அவளுக்குப் பெரிய சந்தோசம்.

கூத்துக் கொப்பிகளைக் கொடுத்தவர் பக்கத்து வளவுத் தவமலரக்கா. அவருடைய கணவர் இலட்சுமணன் மாஸ்ரர் நன்றாகப் படம் கீறுவார், கூத்துக்குப் பாட்டெழுதுவார். தொண்ணூற்றொன்றில் சண்டைக்குப் பயந்து ஊர் முழுக்க இடம்பெயர்ந்து வள்ளம் ஏறியபோது, "மாட்டை அவிட்டுவிட்டிட்டு வாறன்" என்று இறங்கித் திரும்பிப் போனவர். அதற்குப் பிறகு அவரைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. தவமலரக்கா ஏறாத கந்தோர் இல்லை, படத்தைத் தூக்கிக்கொண்டு நிற்காத தெரு இல்லை. அந்தக் கொப்பிகளை ஒரு சொப்பிங் பையில் சுற்றி, வன்னி வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தவர். யசோதராவிடம் கொடுக்கும்போது ஒன்றுதான் சொன்னார்.

"பக்கம் குறையாமல் தாரும் பிள்ளை. வந்தால் கேப்பார்."

வெள்ளிக்கிழமைகளில் இருவரும் குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவு அம்மனிடம் போவார்கள். வள்ளத்தில் தவமலரக்கா கேட்பார், "வருவார்தானே பிள்ளை?" யசோதரா சொல்வாள், "வருவார் அக்கா." பெற்ற மகளே அந்தச் சொல்லைச் சொல்வதை விட்டுவிட்டாள். சுவிசில் இருக்கும் கஜாலினி, அப்பாவுக்குச் செய்யவேண்டிய கிரியையைச் செய்துவிடுவோம் என்று கேட்டுக்கேட்டுக் களைத்தவள். தாய் ஒவ்வொரு முறையும் ஏலாது என்றுவிடுவார்.

இப்படியிருக்கக் கனடாவிலிருந்து ஒரு தொலைபேசி. தெற்கே காலி நகரில் கடை வைத்திருந்து, பிறகு ரொறன்ரோவுக்குப் போன கந்தையா இலட்சுமணன் பேசினார். ஆண்டு மலர்களில் வியாபாரக் கட்டுரை எழுதியவர். மாஸ்ரரின் தகப்பன் கனகசபை. ஆகவே இரண்டு பேரும் க. இலட்சுமணன். மென்பொருள் இருவரையும் ஒரே ஆளாக்கிவைத்திருந்தது.

"நான் எப்ப பிள்ளை கூத்துப்பாட்டு எழுதினனான்? இஞ்ச என்ரை பேரப்பிள்ளையள் என்னைப் பாடச்சொல்லி நிக்குதுகள்!"

யசோதரா விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரே பெயரில் இருவர் வந்தால் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் போட்டுப் பிரிக்கவேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வியாபாரிக்கு 1948 என்று போட்டு அடுத்த கட்டத்தை வெறுமையாக விட்டாள். ஆள் தொலைபேசியில் கத்துகிறாரே, உயிரோடுதானே இருக்கிறார். மாஸ்ரருக்கு 1952 என்று போட்டாள். அடுத்த கட்டத்தில் 1991 என்று போட்டாள். சேமித்தாள். தேத்தண்ணி வைக்க எழும்பிப் போனாள்.

நெஞ்சில் ஒரு சின்னக் குத்துக்கூட இல்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். வள்ளத்தில் வாய் சொன்னது ஒன்று, மனம் அத்தனை காலமும் நம்பியிருந்தது வேறொன்று. அந்தக் கட்டம் கேட்டபோது மனம்தான் பதில் சொன்னது.

ஒரு மாதம் அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. பிறகு கஜாலினி தகப்பனின் பாட்டுகளைத் தேடிப்போய்க் கண்டாள். பெயருக்குப் பக்கத்தில் 1952–1991, கீழே பதிந்தவர் யசோதரா. அவள் உடனே தாய்க்குத் தொலைபேசி எடுத்து, "ஊரே எழுதிப்போட்டுது அம்மா, இனி என்ன?" என்றாளாம். யசோதராவுக்கும் ஒரு செய்தி அனுப்பினாள், நன்றி சொல்லி. அந்த நன்றியைப் பார்த்துத்தான் யசோதராவுக்குத் தான் செய்தது விளங்கியது. ஓடிப்போய் ஆண்டை அழித்தாள். ஆனால் இப்படிப்பட்ட சின்ன இணையக் களஞ்சியங்களின் பதிவுகளைப் பெரிய களஞ்சியங்கள் தாமாகவே வந்து பிரதி எடுத்துக்கொள்ளும். அங்கும் 1991 போய்விட்டது. திருத்தச்சொல்லி அவர்களுக்கு எழுதினாள். திருத்தினார்கள், என்ன பிரயோசனம்?

மகள் தொலைபேசி எடுத்ததற்கு அடுத்த நாள் காலையில் நான் பேப்பர் மேசையில் இருந்தேன். தவமலரக்கா வந்தார். தட்டெழுத்துப் பிழை என்று சொல்வதாக யசோதரா ஏற்கெனவே யோசித்துவைத்திருந்தாள். ஏச்சுக்கும் ஆயத்தமாகத்தான் இருந்தாள். ஆனால் தவமலரக்காவின் முகத்தில் கோபமே இல்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்து யசோதராவின் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"ஆர் பிள்ளை கண்டது?"

யசோதராவுக்கு விளங்கவில்லை.

"உமக்கு ஆரோ சொல்லியிருக்கினம். இல்லாமல் வருசத்தை எழுதுவீரோ? எந்த மாசம்? ஊருக்குள்ளையோ, கடலிலையோ? பயப்பிடாமல் சொல்லும், நான் தாங்குவன். ஏன் எனக்கு ஒளிச்சனீர்?"

நான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். எத்தனை விசாரணைகளில் கேட்டும் கிடைக்காத ஒரு பதில் கடைசியில் பக்கத்து வளவில் இருந்திருக்கிறது என்று அந்த மனிசி நம்பி வந்திருந்தார். பிழை என்ற பொய்யை இதற்குப் பிறகு யசோதராவால் சொல்ல முடியவில்லை.

"ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. எனக்கு ஒண்டும் தெரியாது. நானா எழுதினனான்."

"நீராவோ?"

"ஓம் அக்கா."

"ஏன்?"

அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது தவமலரக்காவுக்கே விளங்கிவிட்டது.

"அப்ப வள்ளத்திலை சொன்னது?" என்றார் தவமலரக்கா. யசோதரா அழத் தொடங்கினாள். அவர் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார். "எல்லாரும் விட்டிட்டினம், நீர் ஒராள்தான் மிச்சம் எண்டு நினைச்சிருந்தனான்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். ஏசியிருக்கலாம். யசோதராவும் அதைத்தான் விரும்பியிருப்பாள்.

அடுத்த வெள்ளி தவமலரக்கா வள்ளத்துக்கு வரவில்லை. அந்தக் கிழமையே மகளுக்கு ஓம் என்றுவிட்டார். கஜாலினி பிள்ளைகளோடு வந்திறங்கினாள். கீரிமலையில், உடல் இல்லாதபடியால் தர்ப்பையில் உருச்செய்து கிரியை நடந்தது. யசோதராவும் போனாள். வரவேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. எந்த வருசம் என்று ஐயர் கேட்டார். கஜாலினி தாயைப் பார்த்தாள். தவமலரக்கா, "தொண்ணூற்றொண்டு" என்றார். யசோதரா பின்னுக்கு நின்று அதைக் கேட்டாள். தான் எழுதி, தானே அழித்த வருசம் அது. அதை வேறு ஒருவரும் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லவில்லை.

அவளை நான் எவ்வளவோ தேற்றிப் பார்த்தேன். உண்மையில் மாஸ்ரர் அந்த வருசமேதான் செத்திருப்பார், எங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதைதானே என்றேன். "தெரியாது அண்ணை, ஒருத்தருக்கும் தெரியாது" என்று என்மேல் பாய்ந்தாள். பாய்ந்தது சரிதான். நானும் அந்த எல்லாரில் ஒருவன். அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சில மாதம் கழித்துத் தவமலரக்கா வாசிகசாலைக்கு வந்தார். சுவிசில் மகள் அச்சடித்து அனுப்பிய நினைவு மலர் கையில் இருந்தது. அட்டையில் மாஸ்ரர் இளந்தாரியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரின்ரை மலரும் போடுறனீர்தானே. இவரின்ரையும் போட்டுவிடும் பிள்ளை."

அவர் குரலில் பழைய ஒட்டு இல்லை, பகையும் இல்லை. யசோதரா ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்தாள். பிறகு மாஸ்ரரின் பெயரைத் திறந்தாள். தவமலரக்கா எழும்பிவந்து தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"உது ஏன் வெறுமையாய்க் கிடக்கு?"

"அது... அப்பிடியே இருக்கட்டும் அக்கா."

"ஏன்? இப்ப புத்தகத்திலை இருக்குத்தானே. எழுதும்."

யசோதரா 1991 என்று எழுதினாள். இந்தத் தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று அடுத்த கட்டம் கேட்டது. முதல்முறை அவள் அதை நிரப்பாமல் விட்டிருந்தாள். இப்போது தன் பெயரைத்தான் அதில் எழுதவேண்டும் என்று அவளுக்கு இருந்தது. தவமலரக்கா பார்த்துக்கொண்டு நின்றபடியால் நினைவு மலரின் பெயரை எழுதினாள்.