செவலைக்கு வந்த பிள்ளைகள்

சிம்மக்கல்லில் ஆட்டோ ஓட்டும் நூருல் அமீன் மொட்டை மாடியில் நான்கு கோழிகள் வளர்த்தார். சேவல் இல்லை. கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறதென்று எதிர்வீட்டார் சண்டைக்கு வந்ததால் அதை யாருக்கோ கொடுத்துவிட்டார். சிவப்புக் கோழியான செவலைக்கு அது தெரியுமா? பொரியாத முட்டைகளின் மேல் அடை படுத்தது. முட்டைகளை எடுத்தபின் வெறும் வைக்கோலிலேயே கிடந்து இளைத்தது.

“தண்ணில ரெண்டு முக்கு முக்குங்க, அடை தெளிஞ்சிரும்” என்றார் மனைவி சாதிகா.

அமீன் வாளியில் தண்ணீர் பிடித்துவிட்டுக் கோழியைத் தூக்கினார். அடிவயிறு காய்ச்சல்காரப் பிள்ளையைப் போலச் சுட்டது. மனம் வரவில்லை. தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றினார்.

அந்த வாரம் அவர் ஆட்டோவில் ஏறிய உசிலம்பட்டி சின்னத்தாய் வழியெல்லாம் புலம்பினார். அவர் வளர்ப்பது பெருவிடைக் கோழிகள். “ஒடம்பு கனம் பாய். அடை படுத்தா அம்புட்டு முட்டையும் நசுங்கிருது.”

“முட்டையக் கொண்டாங்கக்கா. நம்ம வீட்ல ஒருத்தி சும்மாதான் படுத்திருக்கா.”

மறுநாளே தவிட்டில் புதைத்த முட்டைகள் தூக்குச்சட்டியில் வந்தன. செவலை ஒவ்வொன்றையும் அலகால் இழுத்து நெஞ்சுக்கடியில் தள்ளிக்கொண்டது. மூன்று வாரத்தில் எட்டுக் குஞ்சுகள். எல்லாம் நெட்டைக்கால் பிள்ளைகள். சில நாளிலேயே அம்மாவின் இறக்கைக்குள் அடங்காமல் தலை நீட்டின.

சின்னத்தாய் கூடையோடு குஞ்சுகளை எடுக்க வந்தபோது செவலை மாடி முழுக்க ஓடிக் கத்தியது. “இவளையும் சேத்துக் கொண்டு போங்கக்கா” என்றார் அமீன். அவரே கோழியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கூடப் போனார். அதன் பிறகு உசிலம்பட்டிப் பக்கம் என்ன வேலை வந்தாலும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவார்.

ஒருநாள் அவர் போனபோது செவலை குஞ்சுகளைக் கொத்தி விரட்டிக்கொண்டிருந்தது. அமீனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“ஏய், ஒம் புள்ளைகடி!”

சின்னத்தாய் சிரித்தார். “பெருசாயிருச்சுக பாய். இவ மறுபடி முட்டைக்கு வந்துட்டா. இனிமே கூட்டிட்டுப் போங்க.”

குஞ்சுகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் குப்பையைக் கிளறின. வீடு வரும்வரை அமீன் கோழியோடு பேசவில்லை. கதவைத் திறந்த சாதிகாதான் வாங்கித் தடவிப் பார்த்தார்.

“நல்லாத் தேறி வந்திருக்காளே!”

அமீன் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. இப்போது செவலை அடை படுத்தால் உசிலம்பட்டிக்கு முதல் போன் அமீனுடையதுதான். “அக்கா, படுத்துட்டா. முட்டையக் கொண்டாங்க.”