துப்பாக்கியை அறைந்து மூடலாமா?

என் மச்சான் துப்பாக்கியை மூடுகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறும். சைகோனில் டோங் டு தெரு மசூதிக்குப் பக்கத்தில் ஒரு காரைக்கால் முஸ்லிமின் ஜவுளிக்கடை. நாங்கள் இருவரும் அதற்குக் காவல். பகலில் என் மனைவியின் அண்ணனான அவர், இரவில் நான். ஆளுக்கொரு துப்பாக்கி வாங்க முதலாளிக்கு மனசு வரவில்லை. இருந்தது ஒரே ஒரு அமெரிக்கக் கைத்துப்பாக்கி.

மாலையில் ஆள் மாறும்போது மச்சான் தோட்டாக்களைக் கழற்றுவார். மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, உள்ளே காலி என்று காட்டுவார். அதுவரை சரி. பிறகு கட்டை விரலால் ஒரு தட்டு. மேல்பாகம் சீறிப் பாய்ந்து தடாரென்று அறைந்து மூடும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் அல்லவா, அதோடு சல்யூட் அடிப்பதுபோல நிமிர்ந்து நிற்பார். மாடியில் இருக்கும் முதலாளிக்கும் அந்தச் சத்தம் வேண்டும். அதைக் கேட்டால்தான் காவல் மாறிவிட்டது என்று நிம்மதியாகத் தொழக் கிளம்புவார். காலையில் நான் மேல்பாகத்தைக் கையால் பிடித்து மெல்ல மூடினால் ஜன்னலில் தலை நீளும்: "ஆள் மாறியாச்சா இல்லையாப்பா? ஒரு சத்தத்தையும் காணோமே!"

நான் முன்பு தையல் மிஷின் பட்டறையில் வேலை பார்த்தவன். இரும்பு அடி வாங்கினால் எனக்கே வலிக்கும். தோட்டா இருந்தால் அதை உள்ளே தள்ளுவதில் மேல்பாகத்தின் வேகம் கொஞ்சம் அடங்கும். காலியாக விட்டால் முழு வேகத்தில் மோதும். பின்னால், தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கிற சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொக்கியின் விளிம்பு நகத்தைவிடச் சின்னது. அத்தனை அதிர்ச்சியும் அதன் தலையில்தான் விழும். அது தேய்ந்தால் சுத்தியல் நிற்காமல் தானே விழுந்து அடுத்த தோட்டாவையும் வெடித்துவிடும்.

"எறும்பு ஊரக் கல்லும் தேயும், மச்சான்" என்பேன்.

"கல்லு தேயும் மாப்ளே. இது அமெரிக்கா இரும்பு. பட்டாளத்துல அத்தன பேரும் இப்படித்தான் மூடினோம். எந்தத் துப்பாக்கி செத்துப் போச்சு, சொல்லுங்க?"

அவருக்கு, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இந்தச் சண்டை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டிலும் தொடரும். என் மனைவி குழம்புச் சட்டியை எங்கள் நடுவில் நங்கென்று வைத்து, "இது தேயுமா தேயாதா, அதையும் சொல்லிடுங்க" என்பாள்.

வருஷா வருஷம் காவல்காரர்கள் தங்கள் துப்பாக்கியோடு போய் அதிகாரி முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் அனுமதி போகும், அதோடு வேலையும் போகும். வேலையில்லாத இந்தியனுக்குத் தங்கும் காகிதம் யார் தருவார்கள்? குடும்பத்தோடு கப்பல் ஏற வேண்டியதுதான். மச்சானின் மனைவி வியட்நாம்காரி. பிள்ளைகளுக்குத் தமிழில் திட்டினால்கூடப் புரியாது. என் வீட்டிலோ அவருடைய தங்கை நிறைமாதமாக இருந்தாள்.

அந்த வருஷம் மச்சான்தான் முதலில் சுட்டார். எல்லாம் குறி அட்டையின் நடுவில்! துப்பாக்கியை என்னிடம் நீட்டி, "எங்க மாப்ளே தேஞ்சிருக்கு?" என்று கண்ணடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோட்டாக்களை ஏற்றிக் குறிபார்த்தேன். விசையை ஒரு முறைதான் இழுத்தேன், சத்தியமாக ஒரே முறைதான். டமார் டமாரென்று இரண்டு வெடித்தது! முதல் குண்டு அட்டையில். துப்பாக்கி துள்ளி மேலே பார்க்க, இரண்டாவது தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு போனது. அதிகாரி மேஜைக்கு அடியில் இருந்தார்.

பயப்பட வேண்டிய நேரம். எனக்கு வந்ததோ ஆனந்தம்! "பார்த்தீங்களா மச்சான்! கொக்கி தேஞ்சு போச்சு! சுத்தியல் நிக்கலை! நான் சொன்னேனா இல்லையா!" என்று தமிழில் கத்தினேன். அப்படி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

அதிகாரி எழுந்து வந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. "இதைக் கெடுத்தது யார்?" என்று பிரெஞ்சில் கேட்டார். கெடுத்தவனுக்கு இனி அனுமதி கிடையாது என்றார். என் துள்ளல் அப்படியே நின்றது.

மச்சான் ஒரு அடி முன்னால் வந்தார். "செ முவா, நான்தான்" என்றார். காலியான துப்பாக்கியை அறைந்து மூடுவது தன் பழக்கம் என்றும், அதில் கொக்கி தேயும் என்றும் நான் சொன்னதையெல்லாம் வரி விடாமல் ஒப்பித்தார். மனிதர் அத்தனையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்! அதிகாரி என் பக்கம் திரும்பி, "உண்மையா?" என்றார்.

தலையை ஆட்டியிருந்தால் போதும், ஜெயம் எனக்கு. ஆனால் என் வாய் வேறு பேசியது. "ஐயா, அது அமெரிக்க இரும்பு. மூடுகிற பழக்கத்தால் தேயவே தேயாது. பட்டாளத்தில் எல்லோரும் இப்படித்தான் மூடுகிறார்கள். வாங்கும்போதே கொக்கி தேய்ந்த பழைய துப்பாக்கி இது." மச்சான் விடவில்லை, "தேயும்!" என்றார். நான் "தேயாது!" என்றேன். அவர் இன்னும் உரக்கத் "தேயும்!" என்றார். அதிகாரிக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். கையை உயர்த்தி இருவரையும் அடக்கினார். பழைய துப்பாக்கி என்று எழுதிக்கொண்டு, பழுது பார்த்து எடுத்து வரச் சொன்னார். அட்டையைப் பார்த்து இருவர் அனுமதியிலும் முத்திரை குத்தினார்.

தெருவுக்கு வந்ததும் அவர்மேல் பாய்ந்தேன். "உங்களுக்குப் பைத்தியமா? பிள்ளைங்களை நினைச்சுப் பார்த்தீங்களா? யாரு உங்களைப் பேசச் சொன்னது?" என்று கத்தினேன். கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

மச்சான் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "வெடிச்சது உங்க கையில மாப்ளே. நான் வாய மூடிக்கிட்டு நின்னிருந்தா, வயித்துப் பிள்ளையோட கப்பல் ஏறுறது என் தங்கச்சி."