சீரகச் சம்பாவில் ஒரு வெள்ளைக் கல்

நேற்று ஒரு கிலோ சீரகச் சம்பா வாங்கினேன். பாக்கெட்டின் மேல் ‘கல் நீக்கியது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கல் இல்லாத அரிசிக்கு யாராவது கோபப்படுவார்களா என்று கேட்பீர்கள். என்ன செய்ய, அரிசிச் சாக்கின் வாடையும் பிளாஸ்திரி வாடையும் எனக்குச் சேர்ந்தேதான் ஞாபகத்துக்கு வரும்.

எனக்கு இடது கண் மாறுகண். இப்போதும் அசதியாக இருந்தால் மூக்குப் பக்கம் கொஞ்சம் ஒதுங்கும். போட்டோ எடுக்கிறவர்கள், நான் கேமராவைப் பார்க்கவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். சின்ன வயதில் நன்றாகவே ஒதுங்கியிருந்தது. வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. “மாறுகண்ணு அதிர்ஷ்டம்டி. கடைக்கு யாவாரம் கூடும்” என்பார் மாமி. மாமி என்றால் அத்தாவின் அக்கா. அத்தா, அதாவது என் அப்பா, திண்டுக்கல் பேகம்பூர் பக்கம் சின்னதாக ஒரு பிரியாணிக் கடை வைத்திருந்தார். வியாபாரம் கூடவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்தப் பேச்சை நம்பி ஏழு வயது வரை என்னை டாக்டரிடம் காட்டாமல் விட்டார்கள். இன்றைக்கும் யாராவது மாறுகண் பிள்ளையைப் பார்த்து அதிர்ஷ்டம் என்றால் எனக்கு ஓங்கி அறையலாம் போல இருக்கும்.

தொண்ணூறுகளில் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை வைத்தார்கள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, அட்டையில் இருக்கும் பெரிய எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள். நான் அட்டையையே தேடினேன்.

கண் டாக்டரம்மா அத்தாவிடம் விளக்கிச் சொன்னார். “ரெண்டு கண்ணும் ரெண்டு எடத்தப் பாக்குறதால மூளை எடது கண்ணை ஒதுக்கி வச்சிருச்சு பாய். நல்ல கண்ணை மூடுனாத்தான் அது வேலை செய்யும். வயசு ஏற ஏறக் கஷ்டம். இப்பவே லேட்டு.” கண்ணாடி எழுதித் தந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வலது கண்ணில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டச் சொன்னார்.

ஒட்டியதும் திண்டுக்கல்லே கலங்கிப் போனது. மலைக்கோட்டை அழுக்குத் துணி மூட்டை மாதிரி கிடந்தது. தோல் பதனிடும் ஷாப்பின் நாற்றத்தை வைத்துத் தெருவையும், வெங்காயம் வதங்கும் வாசத்தை வைத்து எங்கள் கடையையும் கண்டுபிடித்தேன். கதவில் முட்டிக்கொண்டு அழுதபோது மாமி வந்தார். “இது என்ன கூத்து! புண்ணு ஒரு பக்கம், கட்டு ஒரு பக்கமா?” என்று பிளாஸ்திரியைப் பிய்த்து மாறுகண்ணின் மேல் ஒட்டினார். பாதிப் புருவம் அதோடு போனது. அத்தாவுக்கும் அதுதான் சரியாகப் பட்டது. “கெட்ட கண்ணுக்குத்தான ஓய்வு வேணும்” என்றார். எனக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நான் எதற்கு வாயைத் திறக்கப் போகிறேன்?

அடுத்த மாதம் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, “எந்தக் கண்ணை மூடுனீங்க?” என்று கேட்டார். அத்தா பெருமையாக இடது கண்ணைக் காட்டினார். விழுந்தது பாருங்கள் திட்டு. “சரி பண்றதுக்கு இருக்குறதே கொஞ்ச காலம். அதுல ஒரு மாசத்தத் தொலைச்சிட்டு வந்து நிக்கிறீங்க!” அத்தா தலை குனிந்து நின்றார். டாக்டரம்மா இறங்கி வந்து, “ஒட்டுனா மட்டும் பத்தாது. கிட்ட வச்சுப் பாக்குற சின்ன வேலையாக் குடுங்க. பாசிமணி கோக்கட்டும். அரிசியில கல்லுப் பொறுக்கட்டும்” என்றார். அரிசி என்றதும் அத்தாவின் முகம் தெளிந்தது.

அன்றிலிருந்து கடை அரிசியைப் பொறுக்குவது என் வேலையானது. மடியில் சுளகு, வலது கண்ணில் பிளாஸ்திரி. சீரகச் சம்பா பொடிசு. எனக்கு எல்லாம் வெள்ளைக் கூழாகத்தான் தெரிந்தது. முதலில் பெரிய கறுப்புக் கல்லாக வந்தது. சில மாதத்தில் சின்னச் செங்கல் துணுக்கு. அப்புறம் வெள்ளைக் கல், அரிசி அளவிலேயே. அரிசிக்கடைக்காரர் வரவர மோசமாகிவிட்டார் என்று அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே பொறுக்கினேன்.

ஒரு மத்தியானம் கடையில் மில் சூப்பர்வைசர் ஒருவர் கடக்கென்று ஒரு கல்லைக் கடித்துவிட்டார். “பாய், பிரியாணியில கறியத் தேடணும்னு தெரியும். பல்லையுமா தேடணும்?” கடையே சிரித்தது. அத்தா அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கல்லைக் கழுவி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். “இத விட்டுட்டியே தாயி” என்றார். நான் அழ ஆரம்பித்தேன். அடுப்படியில் இருந்த மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

“ஏண்ணே, நல்ல அரிசியில நீங்களே கல்லை அள்ளிப் போட்டுட்டு, புள்ளையக் கேக்குறீங்க? நாளைக்கு எவன் வருவான் கடைக்கு?”

அழுகை அப்படியே நின்றுவிட்டது. அத்தா மாஸ்டரை முறைத்தார். “வராட்டிப் போறான். பல்லுப் போனாக் கட்டிக்கலாம்லே. இவ கண்ணுக்கு நான் எங்க போக?”

அதற்குப் பிறகு கடை அரிசி வேறு, என் சுளகு வேறு. கல் இருக்கிறது என்று தெரிந்தே தேடினேன். அது தனி வெறி. கடைசியில் ஒரு நாள் டாக்டரம்மாவிடம் இடது கண்ணாலேயே பொடி எழுத்து வரிவரை படித்தேன். கடைசி வரி மட்டும் வரவில்லை. அத்தா அதற்கே அங்கிருந்த எல்லாரையும் பிரியாணிக்குக் கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. கல் கதை ஊருக்கே தெரிந்திருந்தது.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். மாமி இல்லை. பிள்ளைகளுக்குப் பொம்மை போட்ட பிளாஸ்திரி வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் விளையாடியே கண்ணுக்குப் பயிற்சி செய்கிறார்களாம். நல்லது, புருவமாவது பிழைக்கட்டும்.

நேற்று அந்தப் பாக்கெட்டைப் பிரித்துச் சுளகில் கொட்டினேன். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாக, அதன் கூர் நுனி வரை தெரிந்தது. கட்டிலில் இருந்து அத்தா கேட்டார்.

“என்ன தாயி, சிக்குச்சா?”

“ஒண்ணும் இல்லத்தா. எல்லாத்தையும் மெஷின்லயே எடுத்துர்றானுங்க.”

“நல்லாப் பாரு. வெள்ளையா இருக்கும்.”

இன்னொரு தடவை அலசிப் பார்த்தேன். ஒரு கல் கூட இல்லை.