அம்மாவுக்காக நான் மாட்டிய கைப்பிடி

என் அம்மாவின் இடுப்பை உடைத்தது நான்தான்.

கிரேட் நிக்கோபார் தீவில், கேம்பல் பேயில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்பார்கள். அம்மாவும் அப்படித்தான் சொல்கிறாள். நானும் இதுவரை அப்படித்தான் சொல்லி வந்தேன். உங்களிடம் மட்டும் மாற்றிச் சொல்கிறேன்... நீங்கள் என்னை அறியமாட்டீர்கள் என்பதால் வந்த துணிச்சல் இது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ராமநாதபுரத்திலிருந்து கூலி வேலைக்கு வந்து கேம்பல் பேயிலேயே தங்கிவிட்டவர். அவர் இறந்துபோய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அம்மா கைநாட்டு. நான் எழுத்துக்கூட்டக் கற்ற நாளிலிருந்து, வீட்டுக்குள் வரும் அச்சடித்த எதையும் நான்தான் படித்துச் சொல்வேன். கரண்ட் பில், மாத்திரை அட்டை, கப்பல் டிக்கெட், எதுவானாலும். "அவ படிச்சுப் பாத்துட்டா" என்று அம்மா சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பாகூட வாய் திறக்கமாட்டார்.

அந்தச் சொல்லின் ருசி உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். அதைத் தின்றுதான் வளர்ந்தேன்!

இப்போது போர்ட் பிளேரில் ஓர் அலுவலகத்தில் வேலை. அங்கேயே ஷாதிபூரில் ஒற்றை அறை. தனியாக இருக்கும் பெண் ஒரு துளை போடவேண்டும் என்றாலும் யாரையாவது கூப்பிட வேண்டும். வருகிறவர் சுவரைவிட அறையை அதிகம் பார்ப்பார். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஜங்லிகாட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் மாடியில், பிளாஸ்டிக் வாளிகளுக்கும் துடைப்பங்களுக்கும் நடுவே ஒரு டிரில் மெஷின் இருந்தது. பேட்டரியில் ஓடுவது, விலை மலிவு. பெட்டியின் மேல் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தாள். வாங்கிவிட்டேன்.

மெஷின்மேல் பழி போட்டுத் தப்பிக்கப் போவதில்லை. அதன் அளவுக்கு அது நல்ல மெஷின். கட்டிலின் தளர்ந்த மரைகளை முடுக்கியது. பிளைவுட்டில் சிரமமில்லாமல் இறங்கியது. ஜன்னல் சட்டத்தில் திரைச்சீலைக் கம்பியை அதை வைத்துத்தான் மாட்டினேன், இன்றும் நிற்கிறது. செங்கல் என்றால் முனகும், சூடாகும், நிறுத்தி ஆறவிட வேண்டும். மழைக்காலத்தில் முனையைக் கவ்வும் இரும்பு வாயில் துரு பூத்தது. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து வைத்தேன். புதிதில் பேட்டரி ஒரு மாலை முழுவதும் வந்தது. பிறகு ஓரிரு துளைகளுக்கே களைத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் அறையில் எழும் ஒரே சத்தம் அதுதான். துளைக்க ஒன்றும் இல்லாதபோதும் சில நேரம் அதைக் காற்றில் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். சிரிக்காதீர்கள்...

அப்போதுதான் கேம்பல் பேயில் அம்மாவின் முழங்கால் மோசமானது. குளியலறையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்றாள். பிடித்து எழ ஒரு கைப்பிடி மாட்டினால் போதும். எதிர்வீட்டில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுக் குடியேறிய பஞ்சாபிக்காரர் இருக்கிறார், எங்களுக்குச் சர்தார் அங்கிள். அவரிடம் சொன்னால் போட்டுத் தருவார் என்றாள் அம்மா. வேண்டாம், நானே வருகிறேன் என்றேன். நல்ல எஃகுக் கைப்பிடி ஒன்று வாங்கினேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினேன்.

கப்பலில் பொழுது போகாமல் மெஷின் பெட்டியின் பக்கவாட்டைப் படித்தேன். பொடி எழுத்து, ஆங்கிலம். மரம், பிளைவுட், லேசான செங்கல் ஆகியவற்றுக்கு மட்டும். காங்கிரீட்டுக்கு ஏற்றதல்ல.

படித்தேன்! தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவர் காங்கிரீட் என்பதும் எனக்குத் தெரியும்.

நான் போய் இறங்குவதற்குள் அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். சர்தார் அங்கிள் தன்னுடைய பெரிய மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒயர் வைத்தது, சுவரை அடித்து அடித்துத் துளைப்பது.

"யே லே லோ, பேட்டி. உஸ்ஸே நஹி ஹோகா." இதை எடுத்துக்கொள், உன்னுடையதால் ஆகாது என்றார்.

அவர் குரலில் ஏளனம் இல்லை. நான்தான் ஏளனத்தைக் கேட்டேன். அம்மா பெட்டியைத் தடவிப் பார்த்தாள்.

"அட்டையில என்னத்தா எழுதியிருக்கு? நம்ம செவுத்துக்கு ஆகுமா?"

"எல்லாச் செவுத்துக்கும் ஆகும்மா."

அம்மா அவர் பக்கம் திரும்பி, தன் உடைந்த இந்தியில் சொன்னாள்: "பட்கே தேக் லியா, பாய்சாப்." படித்துப் பார்த்துவிட்டாள். அவர் புன்னகைத்துவிட்டு மெஷினோடு திரும்பிப் போனார்.

மேல்பூச்சில் முனை சுலபமாக இறங்கியது. அதற்குப் பின்னால் காங்கிரீட். மெஷின் அலறியதே தவிர, துளை ஆழமாகவில்லை. கருகும் வாடை வந்தது. பேட்டரி தீர்ந்தது, சார்ஜ் போட்டால் கரண்ட் போனது. சாயங்காலம்வரை மல்லுக்கட்டினேன். கைப்பிடியோடு வந்த நீளத் திருகாணிகள் பாதியில் நின்றுவிட்டன.

என்ன செய்தேன் தெரியுமா? மெஷின் பெட்டியில் பலகைக்கென்று கிடந்த குட்டைத் திருகாணிகளைப் போட்டு முடுக்கினேன். சுற்றிலும் வெள்ளைச் சிமெண்டைக் குழைத்து மெழுகினேன். பார்க்க மிக அழகாக இருந்தது. நீளமானவற்றைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தேன். என் எடையைப் போட்டுப் பார்க்கவில்லை. ஏன்? விடை எனக்குத் தெரிந்திருந்தது... அதனால்தான்.

மறுநாள் தெருப் பெண்கள் வந்து பார்த்தார்கள். அம்மா கதவைத் திறந்து திறந்து காட்டினாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது! பொய்யென்று தெரிந்தும் எப்படி அந்தப் பெருமை வந்தது? இன்னும் விளங்கவில்லை.

இதுவரை சொன்னதைக்கூட நீங்கள் மன்னித்துவிடலாம். இனிச் சொல்லப்போவதுதான் என் குற்றம்.

நான் ஷாதிபூர் திரும்பிய பிறகு ஒரு நாள் அம்மா போன் செய்தாள்.

"ஏத்தா, அந்தப் பிடி லேசா ஆடுற மாதிரி இருக்கு. சர்தாருகிட்ட ஒரு வார்த்த சொல்லட்டா?"

அவரிடம் சொன்னால் கழற்றுவார். கழற்றினால் குட்டைத் திருகாணிகளைப் பார்ப்பார். அந்த ஒரு கணத்தில் எனக்கு அம்மா தெரியவில்லை, அவள் முழங்கால் தெரியவில்லை. அவருடைய கண்கள்தான் தெரிந்தன.

"அது அப்படித்தாம்மா இருக்கும். கொஞ்சம் ஆடணும். யாரையும் கைவைக்க விடாதே."

"சரித்தா. நீ படிச்சுப் பாத்தவ."

அவ்வளவுதான் உரையாடல். பிறகு மீன் கிடைக்கவில்லை என்றாள். மழை பற்றி ஏதோ பேசினாள்.

சில வாரங்கள் கழித்துச் சர்தார் அங்கிள் அழைத்தார். விழுந்த பிறகும் அம்மா கைப்பிடியை விடவில்லையாம். பிடுங்கிக்கொண்டு வந்ததைக் கையில் பற்றியபடியே கிடந்தாளாம். அவர்தான் அவள் விரல்களைப் பிரித்து அதை எடுத்திருக்கிறார். திருகாணிகளைப் பார்த்திருப்பார். இன்றுவரை அதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

அம்மாவை ஹெலிகாப்டரில் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை இது: "நாந்தான் மாடு மாதிரி இழுத்துப்புட்டேன். நீ போட்டதுல குத்தமில்லத்தா."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்... தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

இப்போது அம்மா என் அறையில் இருக்கிறாள். வாக்கரைப் பிடித்துக் கட்டிலிலிருந்து ஜன்னல்வரை நடப்பாள். கேம்பல் பே வீடு பூட்டிக் கிடக்கிறது. அவளுடைய தெரு, அவளுடைய இந்தி, வாசலில் நின்று பேசும் பெண்கள், எல்லாம் போயின. நான் அலுவலகத்திலிருந்து வரும்வரை ஜன்னலில் உட்கார்ந்து, பெயர் தெரியாதவர்களின் ஸ்கூட்டர்களைப் பார்க்கிறாள். நான் வந்ததும் இருவரும் சாப்பிடுகிறோம். அவள் பேசுகிறாள், நான் தலையாட்டுகிறேன். எந்தப் பேச்சைத் தொட்டாலும் அது அந்தக் குளியலறையில் போய் நின்றுவிடுமோ என்று பயம். தனியாக இருந்தபோது இந்த அறை இவ்வளவு தனிமையாக இருந்ததில்லை.

இங்கேயும் குளியலறையில் பிடி வேண்டுமே! அம்மாவே கேட்டாள்.

"நீயே போட்டுரு. வெளியாளு வேணாம்."

பக்கத்து வீட்டுப் பெண் அவளைக் கால் பயிற்சிக்கு அழைத்துப்போன காலையில், ஜங்லிகாட்டிலிருந்து ஓர் ஆளை வரவழைத்தேன். கைப்பிடி புதிது. ஸ்க்ரூ இருக்கிறதா என்று கேட்டார். கைப்பையின் அடியில் கிடந்த அந்த நீளத் திருகாணிகளை எடுத்துக் கொடுத்தேன். தலைவரை உள்ளே போயின. நான் வைத்த தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அவர் போன பிறகு தரையைப் பெருக்கினேன். பிறகு அலமாரியிலிருந்து என் மெஷினை எடுத்து, அந்தச் சுவருக்குக் கீழே வைத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. என் கைகளே செய்தன.

அம்மா வந்து மெஷினைப் பார்த்தாள். கைப்பிடியைப் பார்த்தாள். அன்று மாலை சர்தார் அங்கிளின் மனைவிக்குப் போன் போட்டு உரக்கச் சொன்னாள்: "மேரி பேட்டி நே லகாயா." என் மகள் மாட்டியது.

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா குளிக்கும்போது கதவை முழுதாகச் சாத்துவதில்லை. விழுந்துவிடுவாளோ என்று நான் வெளியே துண்டோடு நிற்பேன். இடுக்கு வழியே அவள் கை தெரியும். எழுவதற்கு முன் அந்தக் கை கைப்பிடியைப் பற்றி ஒருமுறை பலமாக ஆட்டிப் பார்க்கும். அது அசையாது. இன்னொரு முறை ஆட்டும்.

அதன் பிறகுதான் எழுகிறாள். ஒவ்வொரு நாளும்.