செம்மண் திருப்பிக் கொடுத்த நீலம்

எங்கள் சாயப்பட்டறை கெமிஸ்ட் தேவசகாயம் இறந்த செய்தி கல்மண்டபம் வெற்றிலைக் கடை வாசலில் எனக்கு வந்தது. "நைனா, கெமிஸ்ட் பூட்டாரு" என்றான் கூட வேலை செய்யும் மாரி. வாயில் இருந்த வெற்றிலை எச்சிலை அப்படியே விழுங்கிவிட்டேன். இழவு வீட்டில் மானேஜர் போட்ட மாலைதான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும், இதன் மேல் துப்பியிருக்கலாமே, எச்சிலை வீணாக்கிவிட்டோமே என்றிருந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு அந்தப் பானை நினைவிருக்கும். திருவொற்றியூரில் பட்டறைக் கழிவுக் குழிக்குப் பக்கத்திலேயே எங்கள் குடியிருப்புக் கிணறு. என் பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஓயாத வயிற்றுப்போக்கு. வாளியை முகர்ந்து பார்த்த என் மனைவி, "கலீஜ்! இத மாடு கூட குடிக்காது" என்று என் காலடியிலேயே கொட்டினாள். நாங்கள் போய்க் கேட்டதற்கு, செங்குன்றத்துச் செம்மண்ணைக் குழியின் அடியில் கொட்டிப் பரப்பிய மானேஜர், அடியில் ஓட்டை போட்ட பானை ஒன்றிலும் அதே மண்ணை அடைத்து, மேலே நீலச் சாயத்தை ஊற்றிக் காட்டினார். கீழே தெளிந்த நீர் சொட்டியது. "மண்ணே எல்லாத்தையும் பிடிச்சுக்கும்" என்றார். எட்டாம் வகுப்பில் இரண்டு வருடம் குடியிருந்தவன் நான். என் கைதட்டல்தான் உரக்கக் கேட்டது.

தேவசகாயம் தட்டவில்லை. "களிமண் துகள் மேல ஒரு மின்சாரம் இருக்குவே. நீலத்துல அதுக்கு எதிர் மின்சாரம். அதான் ஒட்டிக்கிடுது. அமிலம் பட்டா செம்மண்ணோட மின்சாரம் மாறிப்போவும், பிடிச்சத விட்டுரும்" என்றார்.

"மண்ணுல கரண்டு கீதுன்னா ஷாக் அடிக்காதா சார்?" என்று கேட்டேன்.

"அடிச்சிருந்தா ஒமக்காவது புத்தி வந்திருக்கும்."

நாங்கள் அன்றாடம் குழியில் விடும் அமிலக் கழிவைக் கொண்டுவரச் சொல்லி, அதே பானையில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் நீலம் இறங்கியது. அதை ஒரு கிளாசில் பிடித்து மானேஜரிடம் நீட்டினார். "குடிங்க சார்."

மானேஜர் குடிக்கவில்லை. குடித்தவர் மாதிரி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு போனார். கிணற்றை மூடினார்கள், எங்களுக்குக் குழாய் வந்தது. தேவசகாயத்தைச் சோதனை அறையிலிருந்து எடுத்துக் கிடங்கில் சாக்கு எண்ணப் போட்டார்கள். கடைசி வரை எண்ணினார்.

நேற்று இரங்கல் கூட்டம். "செம்மண்ணின் மின்சாரத்தை நமக்கெல்லாம் விளக்கிய மேதை, என் வலது கை" என்று மானேஜர் நெகிழ்ந்தார். சாயத்தொட்டியில் கையை முழங்கை வரை விட்டுக் கலக்கும் நானே மூக்கைப் பொத்திக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கு நடுவே மேஜை மேல் இருந்த தண்ணீரை எடுத்தார்.

பின்வரிசையிலிருந்து, "குடிங்க சார்" என்றேன்.

குழாய்த் தண்ணீர்தான். ஆனாலும் கிளாசை அப்படியே கீழே வைத்துவிட்டார். தேவசகாயத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த இரண்டு வார்த்தைகள்தான். இன்னும் வேலை செய்கின்றன.