செம்பில் விட்ட இறால்

மாசமாயிருந்த என் மனைவிக்கு ஓடை இறால் தின்ன ஆசை வந்தது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் ஓடும் ஓடையில் விரல் நகமளவு இறால் கிடைக்கும். இறங்கினேன். பிடித்ததைவிட வழுக்கி விழுந்ததுதான் அதிகம். எப்படியோ ஒரு கைப்பிடி தேறியது. மறுநாள் சமைக்கலாம் என்று ஓடைத் தண்ணீரோடு உயிராகவே விட்டுவைத்தேன்.

காலையில் பார்த்தால் எல்லாம் மல்லாந்து கிடந்தன.

எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் அதே ஓடைத் தண்ணீர்தான். அந்த வாரம்தான் மேல்மலைத் தேயிலைக்கு இலை நோய் வராமலிருக்க நீல மருந்து அடித்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அவள் குவளையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"குடிக்காத!"

"பிறகு என்னத்தக் குடிக்கிறது?"

"சோடா வாங்கிட்டு வாறேன்."

"புள்ள ஏப்பம் விட்டுக்கிட்டே பொறக்கும்ங்க."

பதுளை டவுனில் அலங்கார மீன் கடை வைத்திருக்கும் அவள் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"செம்பு பட்டிருக்கும் மச்சான். இறாலுக்குச் செம்பு பட்டா ஆகாது."

"ஐயோ, நான் எதையும் போட்டு நசுக்கல. பூ மாதிரித்தான் விட்டேன்."

"எதுக்குள்ள விட்டீங்க?"

"செம்புக்குள்ளதான். கல்யாணச் சீரா நீங்க குடுத்தீங்களே, அந்தச் செம்புச் செம்பு."

மறுமுனையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "பாத்திரத்தைச் சொல்லல மச்சான், உலோகத்தச் சொன்னேன். அது தண்ணியில கொஞ்சம் கரைஞ்சாலே போதும், இறால் தாங்காது. எங்க சீர்தான் கொன்னிருக்கு!"

நானும் சிரித்தேன். தோட்டத்துக்கே விஷம் வைத்துவிட்டார்கள் என்று துரை பங்களா வரை ஓட இருந்தவன் நான். சிரித்து முடித்த பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"அந்த நீல மருந்துல என்ன இருக்கு மச்சான்?"

அவர் சிரிக்கவில்லை. "அதுலயும் செம்புதான்."

செருப்புக்கூடப் போடாமல் ஓடைக்கு ஓடினேன். ஒரு கல்லைப் புரட்டினேன். ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. மூன்றாவது கல்லுக்கடியில் கண்ணாடித் துண்டு போல ஏதோ துள்ளி ஒளிந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு மலையில் மருந்து அடித்தால், மறுநாள் காலையில் நான் ஓடையில் கல் புரட்டுகிறேன். அவள் இறால் கேட்பதையே விட்டுவிட்டாள். வெறும் கேத்தலோடு வாசலில் நிற்பாள்.

"இருக்காங்களா?" என்பாள், சொந்தக்காரர்களை விசாரிப்பதுபோல.

நான் தலையாட்டிய பிறகுதான் குழாயைத் திறப்பாள்.